நாலு பத்து நிலவரம்

முதுநகர் ஏலக்கூடத்து மீன் விலையையும்
துறைமுகத்தின் புயல் கூண்டு எண்ணையும்
போனுக்குப் போடுகிற பக்கத்தை
மஞ்சக்குப்பத்து மாடியறையில் உட்கார்ந்து
நான்தான் நடத்துகிறேன்.
மாதம் இரண்டாயிரம். சர்வர் வாடகை போக
ஒரு வாரத்து டீ மிஞ்சும்.

மலிவு சர்வர்.
முப்பது பேர் சேர்ந்து கேட்டால் மூச்சு வாங்கும்.
அதனால் கேஷ் வைத்தேன்.
முதலில் கேட்பவருக்கு மட்டும் சர்வர் வாய் திறக்கும்.
அந்தப் பதிலின் நகல் வழியிலேயே தங்கிவிடும்.
அடுத்து வருகிறவர்களுக்கெல்லாம்
நகலே பேசும்,
சர்வரை எழுப்பாமல்.
எவ்வளவு நேரம் நம்பலாம் என்ற இடத்தில்
21600 என்று அடித்தேன். வினாடிக் கணக்கு.
ஆறு மணி நேரம்.
ஏன் ஆறு?
அன்றைக்குத் தூக்கம் வந்தது.

நெல்லிக்குப்பத்துக்கு மீன் கொண்டுபோகும் தமயந்தி
விடியுமுன் நாலரைக்குப் போனைப் பார்த்தாள்.
சங்கரா 240.
மெஸ்காரரிடம் 280க்கு ஒப்புக்கொண்டு
கூடத்துக்குள் நுழைந்தால்
ஏலம் 390இல் நிற்கிறது.
பன்னிரண்டு கிலோ. வாக்கு வாக்குதான்.
கிலோவுக்கு நூற்றிப்பத்து, கைக்காசு.

"ஏம்ப்பா, உன் பக்கத்துல இருக்கறது
நேத்து செத்த மீனா?"

நகல் பொய் சொல்லவில்லை.
இரவு பதினொன்றுக்கு யாரோ தூக்கமில்லாமல் கேட்டார்,
அப்போது 240 உண்மை.
உண்மை அப்படியே படுத்திருந்தது,
வெளியே வலைகள் வந்து இறங்கும்வரை.
ஐஸில் வைத்த மீனென்றால்
செவுளைத் தூக்கிப் பார்க்கலாம்.
எண்ணுக்குச் செவுள் இல்லை.

வெட்கத்தில் கேஷை மொத்தமாய்ப் பிடுங்கிப்போட்டேன்.
இனி ஒவ்வொரு கேள்வியும்
சர்வர் வாசலுக்கே போகட்டும்.
பதினைந்து நாள் நன்றாகத்தான் ஓடியது.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம்
கூண்டு மூன்று என்றிருந்தது.
யாரோ ஏழு என்றார்கள்.
தேவனாம்பட்டினம், தாழங்குடா, ராசாப்பேட்டை,
கரை முழுக்க ஒரே நிமிடத்தில் விரல் வைத்தது.
சர்வர் விழுந்தது.
வெள்ளைத் திரை.
பழையதும் இல்லை, புதியதும் இல்லை.
மூன்றென்று காட்டியிருந்தால்கூடத் திட்டியிருப்பார்கள்.
வெள்ளையை என்ன சொல்லித் திட்டுவது?

தமயந்தி கூப்பிட்டாள்.
பேச்சில் பாதி காற்று.
"துறைமுக ஆபீஸ் எதுக்கால நிக்கறேன்.
அஞ்சு. ஏழு இல்ல, அஞ்சு.
கண்ணால பாக்கறேன், போடு."

படமெல்லாம் கழற்றி ஒற்றை வரியாகப் போட்டேன்:
கூண்டு 5. பார்த்தவர் தமயந்தி. மாலை 6.40.
நகலுக்கு ஐந்து நிமிட ஆயுசு கொடுத்தேன்.
அன்றிரவு மணிக்குப் பன்னிரண்டு முறைதான்
சர்வர் கண் விழித்தது.
மற்றவர்களை நகலே தாங்கியது.
ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை
அவள் கம்பத்தைப் பார்த்தாள்,
நான் நேரத்தை மாற்றினேன்.

இப்போது விலைக்கு ஒரு நிமிடம்.
கூண்டுக்கு ஐந்து.
பக்கத்து முகப்பில் வரைந்த வஞ்சிரத்துக்கு ஒரு வருடம்,
அது எங்கே நீந்தப் போகிறது.
எந்த எண்ணுக்கும் அருகில்
கேட்ட நேரம் எழுதியிருக்கும்: நாலு பத்து நிலவரம்.
ஆயுசு முடிந்த நகலைக் காட்டுமுன்
சர்வரிடம் ஒரு வார்த்தை கேட்பதாகவும் வைத்திருக்கிறேன்:
அப்படியேதானா?
மாறாதிருந்தால், மாறவில்லை.
அவ்வளவுதான் பதில். முழுக்கதையும்
திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் செய்த பிறகும்
நாலேகாலுக்குத் தமயந்தி கூப்பிடுகிறாள்.
வணக்கம் கிடையாது, பேர் கிடையாது.
"அப்படியேதானா?"
திரையைப் பார்க்கிறேன். சங்கரா 260.
"அப்படியேதான்."

அவள் போனை வைக்கிறாள்.
275.